உடற்கூற்றியல் திசைச் சொற்கள்: கட்டைவிரல் எப்படி "வெளிப்பக்கம்" ஆகும்?

முதலாண்டு_மேசை

முன்கையின் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் லேட்டரல் (வெளிப்பக்கம்), சுண்டுவிரல் பக்கத்து அல்னா மீடியல் (நடுப்பக்கம்) என்று பாடத்தில் இருக்கிறது. கையை மேசைமேல் குப்புற வைத்தால் கட்டைவிரல் உடம்பின் நடுப்பக்கமாக வந்துவிடுகிறதே, அப்போது ரேடியஸ்தானே மீடியல்? பாதத்தில் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியும் மேல்பரப்பை டார்சல் என்கிறார்கள்; அதே டார்சல் உடம்பில் முதுகுப்பக்கம். வயிற்று சிடி படத்தில் கல்லீரல் இடதுபுறம் கிடக்கிறது. மனப்பாடம் பண்ணினால் தேர்வுக்கு ஓடும். ஆனால் எதைப் பிடித்தால் இதெல்லாம் பிடிபடும் என்று யாராவது சொல்லுங்கள்.

---

எலும்பறை

பிடிக்க வேண்டியது உடற்கூற்று நிலை ஒன்றைத்தான். ஆள் குப்புறப் படுத்திருக்கலாம், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கலாம். விவரிக்கும்போது மட்டும் அவர் இப்படி நிற்பதாகவே கணக்கு: நிமிர்ந்த உடல், முகமும் பார்வையும் நேர் முன்னே, கைகள் பக்கவாட்டில் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்னோக்கி, பாதங்கள் இணையாக, கால்விரல்கள் முன்னோக்கி. இதில் பெரும்பாலோர் கோட்டை விடுவது உள்ளங்கையில். சும்மா நிற்கும்போது உள்ளங்கை தொடையைப் பார்த்திருக்கும். அது உடற்கூற்று நிலை ஆகாது.

உள்ளங்கையை முன்னே திருப்பி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த நிலையில்தான் ரேடியஸும் அல்னாவும் ஒன்றையொன்று கடக்காமல் பக்கம் பக்கமாக நிற்கும். கையைக் குப்புறத் திருப்பினால் ரேடியஸின் கீழ்முனை அல்னாவின் முன்னால் குறுக்கே கடந்து நடுப்பக்கம் போய்விடும். மேல்முனை இருந்த இடத்திலேயே சுழலும். இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். முழங்கையை நீட்டி, வெளிப்பக்க எலும்பு முனைப்புக்குச் சற்றுக் கீழே, பின்பக்கமாக ஒரு குழி விழும் இடத்தில் மறுகை விரலை அழுத்தி வையுங்கள். முன்கையை உருட்டித் திருப்பினால் விரலடியில் ஒரு சிறு குமிழ் உருளும். அதுதான் ரேடியஸின் தலை. இடம் மாறாது, சுழல மட்டும் செய்யும்.

ஆக, மேசைமேல் குப்புற வைத்த கையில் கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்த்தாலும் ரேடியஸ் லேட்டரல்தான். எலும்பின் பெயர் அது கிடக்கும் கோலத்தைப் பொறுத்து மாறினால் அறிக்கை படிப்பவர் பாடு திண்டாட்டம்.

இடது வலதும் அப்படியே. எப்போதும் அந்த உடலுக்கு உரியவருடைய இடது வலது. எதிரே நின்று பார்ப்பவருடையது கிடையாது.

---

இயன்முறை_மேடை

எலும்பறை சொன்னதோடு இன்னொன்று. இந்தச் சொற்கள் இடத்தின் பெயர்கள் அல்ல, இரண்டு உறுப்புகளுக்கு இடையிலான உறவு. "மூக்கு மீடியல்" என்பது பாதி வாக்கியம். மூக்கு கண்ணுக்கு மீடியல், கண் காதுக்கு மீடியல், அதே கண் மூக்குக்கு லேட்டரல். எதற்கு எதிராகச் சொல்கிறோம் என்பதை விட்டுவிட்டால் விடைத்தாளிலும் மதிப்பெண் போகும், நோயாளிக் குறிப்பிலும் குழப்பம் வரும்.

பிராக்ஸிமல், டிஸ்டல் இரண்டும் முக்கியமாகக் கை கால்களுக்கு. உடலோடு ஒட்டும் வேருக்கு அருகில் இருப்பது பிராக்ஸிமல், விலகிப் போவது டிஸ்டல். "மணிக்கட்டுக்கு மேலே காயம்" என்று எழுதினால் முன்கையா, மணிக்கட்டின் புறப்பரப்பா என்று தெரியாது. "வலது முன்கையின் முன்பரப்பில், மணிக்கட்டு மடிப்புக்கு 3 செ.மீ. பிராக்ஸிமலாக, 2 செ.மீ. நீளக் காயம்" என்று எழுதினால் யார் படித்தாலும் ஒரே இடத்தில் விரலை வைப்பார்கள். பக்கம், உறுப்பு, பரப்பு, அடையாளப் புள்ளி, தூரம், திசை, அளவு. இந்த வரிசை கைக்குப் பழகிவிட்டால் ஒன்றும் விடுபடாது.

சூப்பர்ஃபிஷியல், டீப் என்ற சோடியையும் மேல் கீழோடு குழப்ப வேண்டாம். அவை தோலிலிருந்து உள்ளே போகும் ஆழத்தைக் குறிப்பவை. தோல், தோலடிக் கொழுப்பு, தசையுறை, தசை, எலும்பு. முதுகிலும் வயிற்றிலும் உள்ளங்காலிலும் இதே வரிசைதான்.

---

முதலாண்டு_மேசை

நன்றி. குடலிலும் பிராக்ஸிமல், டிஸ்டல் என்று படித்தேன். குடலுக்கு ஏது வேர்?

---

இயன்முறை_மேடை

குழாய்களில் தொடக்கம்தான் வேர். உணவுப் பாதையில் வாய்ப்பக்கம் பிராக்ஸிமல், மலவாய்ப்பக்கம் டிஸ்டல். அதனால் ஏறு பெருங்குடலில் டிஸ்டல் திசை மேல்நோக்கி, இறங்கு பெருங்குடலில் கீழ்நோக்கி. டிஸ்டல் என்றால் கீழே என்று மனத்தில் பதிந்தவர்கள் தடுக்கி விழும் இடம் இது. சிறுநீரக நுண்குழலில் வடிகட்டும் முடிச்சுக்கு அடுத்து வருவது பிராக்ஸிமல் சுருள்குழல். கொஞ்ச தூரம் வளைந்து போய்த் திரும்பி வருவது டிஸ்டல் சுருள்குழல். தமனியில் இதயத்துக்கு அருகில் உள்ள முனை பிராக்ஸிமல்.

---

வார்டு_செவிலி

தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "கை" என்றால் நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை. "கையில் வீக்கம்" என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். தோள், மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் என்று பிரித்து எழுதுங்கள். விரலுக்கும் எண்ணைவிடப் பெயரே பாதுகாப்பு. கட்டைவிரலை முதல் விரலாக எண்ணுவதா, ஆள்காட்டி விரலிலிருந்து எண்ணுவதா என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிர, சுண்டு என்று எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

காலில் ஒரு எழுத்து ஆளைக் கவிழ்க்கும். கணுக்கால் என்பது பாதமும் காலும் சேரும் மூட்டு. கணைக்கால் என்பது முழங்காலுக்கும் அந்த மூட்டுக்கும் நடுவே உள்ள பகுதி. அவசரக் கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். "கணுக்கால் மூட்டு" என்று மூட்டைச் சேர்த்தே எழுதிவிட்டால் தப்பிக்கலாம்.

---

எலும்பறை

பாதத்தின் டார்சல் கேள்வி பாக்கி இருக்கிறது. இதற்கு விடை கருவில்.

கை கால் மொட்டுகள் நான்காவது வாரத்தில் தலைகாட்டுகின்றன. தொடக்கத்தில் இரண்டும் உடலின் பக்கவாட்டில் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். கையின் கட்டைவிரலும் காலின் பெருவிரலும் தலைப்பக்கம் பார்க்கும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வயிற்றுப்பக்கம், அவற்றின் மறுபரப்பு முதுகுப்பக்கம். ஏறக்குறைய ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கை 90 பாகை வெளிப்பக்கமாகவும், கால் கிட்டத்தட்ட 90 பாகை உட்பக்கமாகவும் திரும்புகின்றன.

இந்த ஒரு திருப்பத்தில் பல விஷயங்கள் விளங்கிவிடும். முழங்கை பின்னே பார்க்கிறது, முழங்கால் முன்னே பார்க்கிறது. கட்டைவிரல் லேட்டரல், பெருவிரல் மீடியல். முழங்கையை நீட்டும் தசை மேற்கையின் பின்னால், முழங்காலை நீட்டும் தசை தொடையின் முன்னால். கருவில் முதுகுப்பக்கம் இருந்த பரப்புதான் நிற்கும்போது பாதத்தின் மேலே வந்திருக்கிறது. இடம் மாறினாலும் டார்சம் என்ற பெயர் கூடவே வந்துவிட்டது. காலில் தோல் நரம்புப் பட்டைகள் நேராக ஓடாமல் திருகிக்கொண்டு இறங்குவதும் இதனால்தான்.

பாதத்துக்கு முன்புறம் பின்புறம் என்று எழுதாமல் டார்சல், பிளாண்டார் (உள்ளங்கால் பக்கம்) என்றே எழுதுங்கள். கைக்கு டார்சல், பாமர் (உள்ளங்கைப் பக்கம்). நாக்கின் மேல்பரப்பும் டார்சம்தான்.

---

இயன்முறை_மேடை

அதே காரணத்தால் கணுக்கால் மூட்டின் அசைவுக்கு மடக்கல், நீட்டல் என்ற சொற்களைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. பாதத்தை மேலே தூக்குவது டார்சிஃப்ளெக்ஷன். கோணம் குறைவதால் பார்க்க மடக்கல் போல இருக்கும். ஆனால் அதைச் செய்பவை கணைக்காலின் முன்பக்க நீட்டுத் தசைக் கூட்டம். ஒருவர் எழுதிய "எக்ஸ்டென்ஷன்" (நீட்டல்) இன்னொருவருக்கு நேர் எதிர் அசைவாகிவிடும். மேலே தூக்குவதை டார்சிஃப்ளெக்ஷன், கீழே அழுத்துவதைப் பிளாண்டார்ஃப்ளெக்ஷன் என்று எழுதினால் யார் படித்தாலும் ஒரே பொருள்தான்.

பாதத்தை உள்ளே சாய்ப்பது, வெளியே சாய்ப்பது ஆகிய இன்வெர்ஷன், எவெர்ஷன் இரண்டும் முக்கியமாகக் கணுக்கால் மூட்டுக்குக் கீழே உள்ள சப்டேலார் மூட்டில் நடக்கின்றன. இவற்றையும் கணுக்கால் மூட்டின் கணக்கில் எழுதிவிடுவது மாணவர்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை.

---

கதிர்ப்படம்

கல்லீரல் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தளங்கள், சுருக்கமாக. சாஜிட்டல் தளம் உடலை இடது வலதாக வெட்டும். அதில் நட்ட நடுவே போவது ஒன்றுதான், மீடியன் தளம். அதற்கு இணையாக எத்தனை வேண்டுமானாலும் வெட்டலாம், அவை பாராசாஜிட்டல். கரோனல் தளம் முன் பின்னாக. குறுக்குத் தளம், அதாவது ஆக்ஸியல், மேல் கீழாக.

ஆக்ஸியல் படத்தைப் பார்க்கும் மரபு இது: நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார், நீங்கள் அவருடைய பாதப்பக்கம் நின்று தலையை நோக்கிப் பார்க்கிறீர்கள். அதனால் அவருடைய வலது உங்கள் இடப்பக்கம் வரும். கல்லீரல் படத்தின் இடதில், இரைப்பையும் மண்ணீரலும் வலதில், முதுகெலும்பு படத்தின் அடியில். கரோனல் படமும் மார்பு எக்ஸ்ரேயும் எதிரே நின்று பார்ப்பது போல. அங்கும் நோயாளியின் வலது உங்கள் இடது.

பக்கம் சரிபார்க்கும்போது படத்தில் பதித்த இடது வலது குறியை முதலில் பாருங்கள், பிறகு உறுப்புகளோடு ஒத்துப்பாருங்கள். கல்லீரல் எங்கே, இறங்கு பெருந்தமனி முதுகெலும்பின் இடதில் இருக்கிறதா, இரைப்பைக் காற்றுக்குமிழி எந்தப் பக்கம். குறியும் உறுப்பும் முரண்பட்டால் பெரும்பாலும் குறி தவறாக வைக்கப்பட்டிருக்கும். ஆனால் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு உள்ளுறுப்புகள் முழுவதும் பக்கம் மாறியே அமைந்திருக்கும். எனவே ஒன்றை மட்டும் நம்பி முடிவெடுக்காமல் நோயாளியிடமே போய்ச் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதயத்தின் "வலது", "இடது" அறைகளைப் பெயரை வைத்துப் படத்தில் தேடாதீர்கள். இதயம் சாய்ந்தும் திரும்பியும் கிடக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் முதலில் வருவது வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), அதுதான் முன்பரப்பின் பெரும்பகுதி. இடது ஏட்ரியம் (மேலறை) ஆகப் பின்னால், உணவுக்குழாயை ஒட்டி. இடது ஏட்ரியம் பெரிதானால் உணவுக்குழாய் நெருக்கப்படுவது இதனால்தான். எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலைப் படத்தில், உடலின் மூன்று தளங்களை விட்டுவிட்டு இதயத்தின் சொந்த அச்சை வைத்து நீள்வெட்டு, குறுக்குவெட்டு என்று எடுப்பதும் இந்தச் சாய்வால்.

---

முதலாண்டு_மேசை

ஆண்டீரியர் என்றாலும் வென்ட்ரல் என்றாலும் ஒன்றுதானே? இரண்டு சொல் எதற்கு?

---

இயன்முறை_மேடை

மனித உடற்பகுதியில் ஒன்றுதான். முன்புறம் ஆண்டீரியர், வென்ட்ரல். பின்புறம் போஸ்டீரியர், டார்சல். மாற்றி எழுதினாலும் குற்றமில்லை.

---

நரம்புமுடிச்சு

மூளைக்கு வந்தால் அந்தச் சமன்பாடு உடைந்துவிடும். தண்டுவடமும் மூளைத்தண்டும் ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கின்றன. நடுமூளையைத் தாண்டியதும் நரம்பு மண்டலத்தின் அச்சு முன்னோக்கி வளைகிறது. அதனால் மூளைத்தண்டில் டார்சல் என்றால் பின்புறம். பெருமூளையில் டார்சல் என்றால் மேல்புறம், வென்ட்ரல் என்றால் அடிப்புறம். ராஸ்ட்ரல் என்ற சொல்லும் அப்படியே. மூளைத்தண்டில் அது மேல்நோக்கி, பெருமூளையில் நெற்றியை நோக்கி. நான்கு கால் விலங்குகளில் இந்த வளைவு இவ்வளவு இல்லை. விலங்கு மருத்துவ நூல்களில் உடற்பகுதிக்கு ஆண்டீரியர், போஸ்டீரியர் போடாமல் கிரேனியல் (தலைப்பக்கம்), காடல் (வால்பக்கம்) என்று எழுதுவதும் கவனிக்கத்தக்கது. இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிப்பவர்கள் சொல்லை அப்படியே இடம் மாற்றிக்கொள்ளக் கூடாது.

தண்டுவட நரம்புகளின் எண்ணிலும் ஒரு வழுக்கல் உண்டு. கழுத்து முள்ளெலும்புகள் 7, கழுத்து நரம்புகள் 8. முதல் ஏழும் தத்தம் எண்ணுள்ள எலும்புக்கு மேலே வெளிவரும். எட்டாவது, ஏழாம் கழுத்து முள்ளெலும்புக்கும் முதல் மார்பு முள்ளெலும்புக்கும் நடுவே வெளிவரும். அதற்குக் கீழே எல்லா நரம்பும் தன் எண்ணுள்ள எலும்புக்குக் கீழே. கழுத்தில் சி-5க்கும் சி-6க்கும் (ஐந்தாம், ஆறாம் கழுத்து முள்ளெலும்புகளுக்கு) இடையிலான வட்டு பிதுங்கினால் பொதுவாக நெருக்கப்படுவது சி-6 நரம்பு. அந்த எண் இந்த வரிசையிலிருந்துதான் வருகிறது.

---

வார்டு_செவிலி

சொற்கள் கையில் வந்து நிற்பது உடலின் மேற்பரப்பில் தடவிப் பார்க்கும்போது. எண்ணத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

விலா எலும்பைக் கழுத்தெலும்பிலிருந்து எண்ணத் தொடங்காதீர்கள். முதல் விலா அதன் அடியில் மறைந்து கிடக்கும், விரலுக்குச் சிக்காது. தொண்டைக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேலேயே விரலைக் கீழே இழுத்தால் சுமார் 5 செ.மீ.யில் ஒரு மேடு தடுக்கும். மெலிந்தவர்களிடம் கண்ணுக்கே தெரியும். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாம் விலாக் குருத்தெலும்பு. அதற்குக் கீழே உள்ள பள்ளம் இரண்டாம் விலா இடைவெளி. அங்கிருந்து மார்பெலும்பை விட்டுச் சற்று வெளியே நகர்ந்து ஒவ்வொன்றாக இறங்குங்கள். மார்பெலும்பை ஒட்டியே இறங்கினால் கீழ்க் குருத்தெலும்புகள் நெருங்கி ஒட்டியிருக்கும், எண்ணிக்கை தப்பும். இதயத் துடிப்பின் நுனி இடது ஐந்தாம் இடைவெளியில், கழுத்தெலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டுக்கு அருகில்.

விலாவின் கீழ் ஓரத்தை ஒட்டிய பள்ளத்தில் சிரை, தமனி, நரம்பு என்ற வரிசையில் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. நுரையீரல் உறையில் சேர்ந்த நீரை எடுக்கும்போது ஊசி கீழ் விலாவின் மேல் ஓரத்தைத் தழுவிப் போக வேண்டும் என்று சொல்வது இதற்காக. "எட்டாம் இடைவெளி" என்று மட்டும் சொன்னால் பாதிதான். அந்த இடைவெளிக்குள் எந்த ஓரம் என்பதுதான் முக்கியம்.

---

நரம்புமுடிச்சு

முதுகிலும் இதே எண்ணிக்கைப் பிழை உண்டு. இரண்டு இடுப்பெலும்பு முகடுகளின் உச்சியை இணைக்கும் கோடு எல்-4 (நான்காம் இடுப்பு முள்ளெலும்பு) முள்ளையோ எல்-4க்கும் எல்-5க்கும் நடுவையோ கடக்கும். பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல்-1க்கும் எல்-2க்கும் அருகே முடிகிறது, பிறந்த குழந்தைக்கு எல்-3 வரை இறங்கியிருக்கும். அதனால்தான் பெரியவர்களுக்கு முதுகு நீர் எடுப்பது எல்-3/4 அல்லது எல்-4/5 இடைவெளியில். தோலடிக் கொழுப்பு தடித்திருந்தால் விரல் முகட்டின் மேலேயே நின்றுவிடும். கோடு ஏறும், ஊசியும் ஓர் இடைவெளி ஏறும். பாதுகாப்பு எல்லை ஓரிரு இடைவெளிதான் என்பதால் இந்தப் பிழையை அற்பமாக எண்ணக் கூடாது.

---

முதலாண்டு_மேசை

வயிற்றை நான்காகப் பிரிப்பதா, ஒன்பதாகப் பிரிப்பதா? இரண்டும் பாடத்தில் இருக்கிறது.

---

வார்டு_செவிலி

நோயாளிப் படுக்கையருகே நான்கு போதும். தொப்புள் வழியே ஒரு நிலைக்கோடு, ஒரு கிடைக்கோடு. வலது மேல், இடது மேல், வலது கீழ், இடது கீழ். ஒன்பது பகுதிக்கு இரண்டு நிலைக்கோடுகள் கழுத்தெலும்புகளின் நடுவிலிருந்து இறங்கும். மேல் கிடைக்கோடு விலாக்கூட்டின் கீழ் விளிம்பில், கீழ்க் கிடைக்கோடு இடுப்பெலும்பின் இரு புடைப்புகளுக்கு நடுவே. மேல் கோட்டை எல்-1 மட்டத்தில் போடும் நூல்களும் உண்டு. எந்த நூலைப் பின்பற்றுகிறீர்களோ அதையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

தொப்புளை அளவுகோலாக நம்புவதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம். மெலிந்தவருக்கு எல்-3, எல்-4 மட்டத்தில் இருக்கும். வயிறு சரிந்தவருக்கு நன்றாக இறங்கிவிடும். இடுப்பெலும்பின் முன் மேல் முனை நகராது. குடல்வால் வலியில் அழுத்திப் பார்க்கும் புள்ளியை அந்த முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போட்டு, முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் குறிப்பார்கள்.

---

எலும்பறை

குடல்வால் பேச்சு வந்ததால் பரைட்டல், விசெரல் சோடியையும் சேர்த்துவிடலாம். வயிற்றுச் சுவரை உட்புறம் போர்த்தியது பரைட்டல் உறை, உறுப்பைப் போர்த்தியது விசெரல் உறை. நடுவே மெல்லிய ஈரப்படலம் மட்டும். விசெரல் உறையிலிருந்து வரும் வலி தெளிவில்லாதது. குடல்வாலின் உணர்வு நரம்புகள் தொப்புள் தோலுக்கு உரிய டி-10 (பத்தாம் மார்பு நரம்பு) மட்டத்தில் தண்டுவடத்தைச் சேர்வதால் முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். அழற்சி பரைட்டல் உறையைத் தொட்டதும், சுவரின் நரம்பு வழியாக வலி வலது கீழ் மூலைக்கு நகர்ந்து விரலால் காட்டும்படி கூர்மையாகும். நோயாளி "இங்கேதான்" என்று ஒரு விரலை வைத்தால் எந்த உறை பேசுகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

ஆட்பெயர்கள், அதாவது ஓர் ஆளின் பெயரால் உறுப்பை அழைக்கும் சொற்கள் பற்றி ஒரு சொல். 1998-இல் வந்த பன்னாட்டுச் சொற்பட்டியலான டெர்மினாலஜியா அனாட்டமிக்கா ஆட்பெயர்களை முதன்மைச் சொல்லாக வைப்பதில்லை. 2019-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. மருத்துவமனைப் பேச்சில் ஆட்பெயர்கள் ஓயப்போவதில்லை. காதில் விழுந்தால் புரிய வேண்டும், எழுதும்போது விளக்கப் பெயரை எழுதுங்கள்.

---

முதலாண்டு_மேசை

கடைசியாக ஒன்று. விரல்களை விரிப்பது அப்டக்ஷன் என்றால் நடுவிரல் எந்தப் பக்கம் போனால் அப்டக்ஷன்? கட்டைவிரலுக்கும் இதே விதியா?

---

இயன்முறை_மேடை

கையில் விரல்களுக்கு மட்டும் நடுக்கோடு உடலின் நடுக்கோடு இல்லை, நடுவிரலின் அச்சு. பாதத்தில் இரண்டாம் விரலின் அச்சு. ஆகவே நடுவிரல் இரண்டு பக்கமும் அப்டக்ஷன்தான் செய்ய முடியும். அதனால் உள்ளங்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள இன்டர்ஆசியஸ் தசைகளில், விரிக்கும் டார்சல் வகை அதற்கு இரண்டு, சேர்க்கும் பாமர் வகை ஒன்றுகூட இல்லை.

கட்டைவிரல் மற்ற விரல்களுக்குச் செங்கோணமாகத் திரும்பி அமைந்திருக்கிறது. அதனால் அதன் அசைவுகளும் ஒரு கால்சுற்றுத் திரும்பிய கணக்கு. புறங்கையை மேசையில் படிய வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கினால் அது அப்டக்ஷன். கீழே இறக்கி ஆள்காட்டி விரலோடு ஒட்டினால் அடக்ஷன். மேசைப் பரப்பிலேயே வெளியே நீட்டினால் எக்ஸ்டென்ஷன், உள்ளங்கையைக் குறுக்கே துடைப்பது போல உள்ளே கொண்டுவந்தால் ஃப்ளெக்ஷன். பலர் வெளியே நீட்டுவதை அப்டக்ஷன் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் நரம்புச் சோதனையே தவறாகப் போகும். கூரையை நோக்கித் தூக்கும்போது மேலிருந்து அழுத்தி எதிர்ப்புக் கொடுப்பது மீடியன் நரம்புக்கான சோதனை. வெளியே நீட்டச் சொல்லி எதிர்ப்புக் கொடுத்தால் நீங்கள் பார்ப்பது ரேடியல் நரம்பை. அல்னார் நரம்புக்கு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தைப் பிடிக்கச் சொல்லி இழுப்பார்கள். அடக்ஷன் தசை சோர்ந்திருந்தால் கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கும்: அந்த வேலையை மீடியன் நரம்பின் நீள மடக்குத்தசை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம்.